குறைந்த காசில் நல்ல மெக்கானிக்கல் கீபோர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் தட்டச்சு செய்வதுதான் என் வேலை, நாளுக்கு ஏழெட்டு மணி நேரம். அதனால் தெரிந்தவர் யார் கீபோர்டு வாங்கப் போனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கேட்பவர்கள்தான் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் அதேதான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். குறைந்த காசு என்று நான் சொல்வது 1,500-லிருந்து 3,500 ரூபாய் வரை. விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அதனால் தொகையை ஒரு கைக்கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் கீபோர்டுன்னா என்ன? சாதா கீபோர்டுல இருந்து அது எப்படி வேற?

சாதா கீபோர்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும், ஒவ்வொரு கீக்கும் அதில் ஒரு குமிழ். அதன் கீழே பிளாஸ்டிக் தாளில் மின்தடம் வரைந்திருப்பார்கள். குமிழை அடிவரை அமுக்கினால்தான் எழுத்து விழும். வருடம் ஆக ஆக ரப்பர் தளர்ந்து, கீ சேற்றில் கால் வைத்த மாதிரி ஆகிவிடும்.

மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் உண்டு. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி உலோகத் தகடு. சுமார் 4 மில்லிமீட்டர் இறங்கும் கீயில் பாதித் தூரம், அதாவது 2 மில்லிமீட்டர் போனாலே எழுத்து விழுந்துவிடும். விரலை அடிவரை குத்த வேண்டியதில்லை. ஸ்விட்ச் ஒவ்வொன்றும் 5 கோடி அழுத்தம் தாங்கும் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கீ கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பதுதான் காசு குறைவாக இருப்பவருக்கு உண்மையான லாபம்.

500 ரூபாய் கீபோர்டே நல்லாத்தானே வேலை செய்யுது, எனக்கு இது தேவையா?

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகத் தட்டுகிறீர்கள் என்றால் தேவையில்லை. அந்தக் காசில் நல்ல நாற்காலிக்கு ஒரு பங்கு சேர்த்து வையுங்கள். எழுதுவது, கோடு அடிப்பது, டேட்டா என்ட்ரி, மொழிபெயர்ப்பு என்று கை ஓயாத வேலையாக இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், முதல் வாரத்திலேயே விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

சிவப்பு, நீலம், பிரவுன்னு சொல்றாங்களே, இதுல எதை எடுக்கிறது?

இந்த நிறங்கள் ஸ்விட்சின் வகையைச் சொல்பவை. சிவப்பு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும், அழுத்தமும் குறைவு, ஏறக்குறைய 45 கிராம் எடை வைத்த மாதிரி. பிரவுனில் நடுவழியில் ஒரு சின்ன மேடு விரலுக்குத் தட்டுப்படும். நீலத்தில் அந்த மேடும் உண்டு, கூடவே 'கிளிக்' என்று சத்தமும் உண்டு, அழுத்தம் 60 கிராம் அளவு. மற்ற நிறங்கள் எல்லாம் இந்த மூன்று வகைக்குள்தான் அடங்கும்.

தனி அறை இருந்தால் நீலம். அலுவலகம், ஹாஸ்டல், குழந்தை தூங்கும் வீடு என்றால் சிவப்போ பிரவுனோ. சாதா கீபோர்டிலிருந்து நேராக சிவப்புக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரம் நிறையத் தப்பு அடிப்பார்கள், விரல் சும்மா பட்டாலே எழுத்து விழுவதுதான் காரணம். அது பழகிவிடும். எனக்குப் பிடித்தது பிரவுன். ஆனால் இதில் என் விரல் சொல்வதை உங்கள் விரல் கேட்க வேண்டியதில்லை, முடிந்தால் நண்பர் வீட்டிலாவது ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செர்ரிதான் ஒரிஜினல், மத்ததெல்லாம் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. இந்த வடிவத்தை எண்பதுகளில் கொண்டு வந்தது ஜெர்மனியின் செர்ரி நிறுவனம், அதன் எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் எல்லாவற்றுக்கும் மூலம். அதன் காப்புரிமை பிறகு முடிந்தது. அதற்குப் பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்களின் ஸ்விட்சுகள் எங்கும் பரவின. இன்றைக்கு 2,000 ரூபாய்க்கு மெக்கானிக்கல் கீபோர்டு கிடைப்பதே அதனால்தான்.

கேட்டரானின் சிவப்பு செர்ரியைவிட வழுவழுப்பாக இருக்கும் என்று சொல்பவர்கள் நிறைய, நானும் அந்தக் கட்சி. குறைந்த விலை போர்டுகளில் அதிகம் வருவது அவுட்டெமு. கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், ஆனால் உழைக்கும். பயப்பட வேண்டியது ஸ்விட்சின் பெயரையே எங்கும் சொல்லாத போர்டுகளைப் பார்த்துத்தான்.

கடையில 1,000 ரூபாய்க்கு 'மெக்கானிக்கல் ஃபீல்'னு ஒண்ணு காட்டுறாங்க, எடுக்கலாமா?

வேண்டாம். 'ஃபீல்', 'டச்', 'செமி மெக்கானிக்கல்' என்று எந்த ஒட்டு இருந்தாலும் அது முதல் பதிலில் சொன்ன ரப்பர் குமிழ்தான், மேலே மட்டும் மெக்கானிக்கல் மாதிரி உயரமான கீகேப் (எழுத்து அச்சடித்த மேல்மூடி), கீழே வண்ண விளக்கு. நான் முதன்முதலில் வாங்கியதே இப்படி ஒன்றுதான், பெட்டியில் இருந்த பெரிய எழுத்தைப் படித்தேன், அதன் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. ஆறு மாதத்தில் ஸ்பேஸ்பார் அமுங்கிப் போனது. அந்த 1,100 ரூபாய் அன்றைக்கு எனக்குப் பெரிய காசு.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கீகேப்பைக் கழற்றிப் பாருங்கள்: மெக்கானிக்கல் என்றால் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனித்தனியாக ஒரு சதுரப் பெட்டி, நடுவில் கூட்டல் குறி மாதிரி வண்ணத் தண்டு. கூட்டல் குறியை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், ரப்பர் போர்டுகளிலும் அதைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் ஓடிஜி வயரில் கீபோர்டைப் போனில் செருகி, நோட்ஸ் திறந்து, ஒரு கீயை மிக மெதுவாக அமுக்குங்கள். பாதியில் எழுத்து விழுந்தால் மெக்கானிக்கல், தரை தட்டிய பிறகு விழுந்தால் ரப்பர். ஆன்லைனில் பார்க்கும்போது ஸ்விட்சின் பெயரும் நிறமும் இருக்கிறதா என்று தேடுங்கள். '19 கீ ஆன்டி-கோஸ்டிங்', '26 கீ ஆன்டி-கோஸ்டிங்' (பல கீகளைச் சேர்த்து அமுக்கினாலும் எதுவும் விடுபடாது என்று பொருள்) என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் ரப்பர்தான்.

டிவிஎஸ் கோல்டு வாங்கலாமா, அதெல்லாம் பழைய காலத்து ஐட்டமாச்சே?

பழையதுதான், அதனால் என்ன? சென்னை நிறுவனமான டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கீபோர்டு இது. வங்கியிலும் டிக்கெட் கவுன்டரிலும் நாம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த 'டக் டக்' சத்தம் பெரும்பாலும் இதனுடையதுதான். மெக்கானிக்கல் என்ற பேச்சே நம் ஊரில் இல்லாத காலத்தில் செர்ரி நீல ஸ்விட்ச் போட்டு விற்றார்கள். விளக்கு கிடையாது, அழகு கிடையாது, முழு அளவு, கனமான உழைப்பாளி.

இரண்டு விஷயம் கவனியுங்கள். சத்தம் அதிகம், நீலம் பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்தும். இன்னொன்று, இதில் பல மாடல்கள் உண்டு, எல்லாவற்றிலும் ஒரே ஸ்விட்ச் இருக்கும் என்று நினைக்காமல் வாங்கப் போகும் மாடலில் எந்த ஸ்விட்ச் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு வேலை செய்பவர்களுக்கு இன்றும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சின்ன கீபோர்டு அழகா இருக்கு, விலையும் கம்மி, 60% எடுத்துக்கவா?

இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முழு அளவு என்றால் 104 கீ. வலது பக்க எண் பலகையை எடுத்துவிட்டால் 87 கீ, இதை டிகேஎல் என்பார்கள். 75% என்பது 80 சொச்சம், அம்புக்குறியும் எஃப் வரிசையும் இருக்கும். 65%-இல் எஃப் வரிசை போய்விடும், அம்புக்குறி மிஞ்சும், 68 கீ. 60% என்றால் 61 கீ, அம்புக்குறியும் கிடையாது, டெலீட், ஹோம், எண்ட் எல்லாவற்றுக்கும் எஃப்என் கீயைச் சேர்த்து அமுக்க வேண்டும்.

டேலி கணக்கு மென்பொருளில் வேலை செய்பவர் 60% வாங்கினால் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவார். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீட், எஃப்8 சேல்ஸ் என்று ஒவ்வொரு வவுச்சருக்கும் அந்த வரிசை வேண்டும், எண் பலகையும் வேண்டும். எழுதித் திருத்துபவருக்கு அம்புக்குறி கட்டாயம்.

தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அந்த அமைப்பில், ஆங்கிலத்தில் நாம் அதிகம் தொடாத குறியீட்டுக் கீகளில்தான் முக்கியமான தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன: அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சதுர அடைப்புக்குறியில் ச, சாய்கோட்டில் ழ. சில சின்ன போர்டுகளில் சாய்கோட்டையும் மேல் அம்பையும் ஒரே கீயில் வைத்திருப்பார்கள், சிலவற்றில் சாய்கோடு இடம் மாறி ஓரத்துக்குப் போயிருக்கும். அப்படி ஒன்றை வாங்கிவிட்டால் 'தமிழ்' என்று அடிப்பதற்கே விரல் தடுமாறும். படத்தைப் பெரிதாக்கி, வலது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் சாய்கோடு தன் இடத்தில் தனிக் கீயாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கட்டுங்கள். பட்ஜெட்டில் வாங்கும் பெரும்பாலானவர்களுக்கு 87 கீ போர்டுதான் சரி.

தமிழ் எழுத்து அச்சடிச்ச மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்குமா?

அதைத் தேடி அலைய வேண்டாம். எந்த மொழி விழ வேண்டும் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர், கீபோர்டு அல்ல. எந்தப் போர்டிலும் தமிழ்99, அஞ்சல், டைப்ரைட்டர் என்று எல்லாத் தமிழ் விசைப்பலகை அமைப்பும் ஓடும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும். எழுத்து தெரிந்தால்தான் அடிக்க வரும் என்றால் ஸ்டிக்கர் வாங்கி ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அதற்குள் கை பழகிவிடும், அப்புறம் கீழே பார்க்கவே தோன்றாது.

நான் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவ, கீயை ஓங்கிக் குத்தித்தான் பழக்கம். எனக்கு எது சரி வரும்?

உங்கள் அடிக்கு சிவப்பு தாங்காது, அதாவது ஸ்விட்ச் தாங்கும், உங்களுக்குத்தான் தப்பு விழும். நீலம் அல்லது பிரவுன் எடுங்கள். அந்த மேடு தட்டியதும் எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிவதால், தரை வரை குத்தும் பழக்கம் தானாகக் குறையும். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருபது வருடம் இயந்திரத்தில் தட்டியவர், நீலத்துக்கு மாறிய பிறகு சாயங்காலத்தில் விரல் நுனி எரிச்சல் இல்லை என்கிறார்.

ஹாட் ஸ்வாப்னா என்ன, அதுக்காக 500 ரூபாய் கூடக் குடுக்கலாமா?

சாதாரண மெக்கானிக்கல் போர்டில் ஸ்விட்சைச் சால்டர் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஹாட் ஸ்வாப்பில் பிளக் மாதிரி செருகியிருக்கும், கூட வரும் இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஸ்விட்ச் ஒன்று 15, 20 ரூபாயிலிருந்து தனியாகவே விற்கிறார்கள்.

கொடுக்கலாம் என்பேன். பட்ஜெட்டில் கூடுதலாகச் செலவு செய்யத் தகுந்தது இது ஒன்றுதான். எல்லா ஸ்விட்சையும் மாற்றிப் பார்க்கும் ஆசைக்காக இல்லை, 87 கீக்கு 20 ரூபாய் வீதம் போட்டால் அதுவே 1,740 ஆகிவிடும். கெட்டுப்போன ஒன்றிரண்டை நீங்களே மாற்றிக்கொண்டு போர்டைப் பல வருடம் ஓட்டலாம், அதற்காக.

லைட்டு, வயர்லெஸ், பிபிடி கீகேப் இதெல்லாம் பார்க்கணுமா?

விளக்கை விட்டுவிடுங்கள். வயர்லெஸ் வேண்டும் என்றால் அதே விலையில் ஸ்விட்சின் தரத்தில் எங்கோ கை வைத்திருப்பார்கள், பேட்டரியும் ஒருநாள் தளரும். வயர் போர்டே எடுங்கள், ஆனால் வயர் கழற்றி மாட்டும்படி டைப்-சி ஆக இருக்கட்டும். போர்டோடு ஒட்டிய வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோவது பட்ஜெட் போர்டுகளில் அடிக்கடி வரும் கோளாறு.

கீகேப்பில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில மாதத்தில் எண்ணெய் தடவிய மாதிரி பளபளக்கும், பிபிடி அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதைவிட முக்கியம் எழுத்து அழியாமல் இருப்பது. 'டபுள் ஷாட்' என்று போட்டிருந்தால் எழுத்தே வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தது, அழியாது.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கறதா, ஆன்லைன்லயா?

முதன்முறை வாங்குபவர், சென்னையில் இருப்பவர் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் ஒருமுறை போய்வாருங்கள். வாங்குவதற்கு இல்லாவிட்டாலும் நான்கு கடையில் நான்கு நிறத்தை அமுக்கிப் பார்ப்பதற்காகவாவது. பேரம் படியும். பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வருட வாரன்டிக்கு பில்தான் ஆதாரம்.

ஆன்லைனில் தீபாவளியை ஒட்டிய தள்ளுபடியில் விலை நன்றாக இறங்கும். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வந்த அன்றே ஏதாவது ஒரு கீபோர்டு டெஸ்டர் பக்கத்தைத் திறந்து ஒரு கீ விடாமல் அமுக்கிப் பாருங்கள், மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள்தான்.

செகண்ட் ஹேண்ட் நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், மெக்கானிக்கல் பழசானாலும் பொறுத்துப் போகும் பொருள். நேரில் பார்த்து, மேலே சொன்ன ஓடிஜி வயரில் எல்லா கீயையும் அமுக்கிப் பாருங்கள். இரண்டு கீகேப்பைக் கழற்றி உள்ளே பிசுபிசுப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஏதோ கொட்டியிருக்கிறது, வேண்டாம். வெறும் தூசியும் தலைமுடியும் என்றால் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

நீலம் வாங்கிட்டேன், வீட்ல எல்லாரும் சத்தம்னு திட்டறாங்க, குறைக்க வழி இருக்கா?

கிளிக் சத்தம் ஸ்விட்சுக்குள்ளேயே பிறக்கிறது, அதை வெளியிலிருந்து நிறுத்த முடியாது. மேஜையில் அதிர்ந்து பெருகும் சத்தத்தை மட்டும் குறைக்கலாம். கீழே கெட்டியான துணியோ மவுஸ் பாயோ விரித்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். கீகேப்புக்கு உள்ளே மாட்டும் ரப்பர் வளையம் தரை தட்டும் சத்தத்தை அடக்கும். ஸ்பேஸ்பாரும் என்டரும் கடகடவென்று ஆடினால் அவற்றின் அடியில் இருக்கும் கம்பி முனைகளில் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். ஹாட் ஸ்வாப் போர்டாக இருந்தால் அடிக்கடி அடிக்கும் முப்பது கீக்கு மட்டும் சிவப்பு வாங்கி மாற்றிவிடலாம், எழுத்துக்கு சிவப்பு, மற்றதற்கு நீலம் என்று ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

மெக்கானிக்கல் வாங்கினா மணிக்கட்டு வலி போயிடுமா?

அப்படி நம்பி வாங்காதீர்கள். விரலின் சுமை குறையும். ஆனால் இந்தப் போர்டுகள் சாதாவைவிட உயரம், அதனால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி வலி கூடவும் செய்யலாம். கீபோர்டின் பின்னால் இருக்கும் குட்டிக் காலை மடக்கிவிட்டு, முன்னால் துண்டை மடித்து வைத்து, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். மரத்துப்போவது, ராத்திரியில் எரிவது என்று இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

ஒரு தடவை அமுக்கினா ரெண்டு எழுத்து விழுது, கீபோர்டு போச்சா?

போகவில்லை. ஸ்விட்சுக்குள் இருக்கும் உலோகத் தகட்டில் தூசியோ துருவோ படிந்து தொடர்பு நடுங்குகிறது, அவ்வளவுதான். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரம் வரும். தமிழ்99-இல் அடிப்பவர்களுக்கு இந்தக் கோளாறு வேறு மாதிரி தெரியும்: ஒரே மெய் இரண்டு தடவை விழுந்தால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி வைத்துவிடும் என்பதால் 'படம்' என்று அடித்தால் 'ப்படம்' என்று வரும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று அதை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

முதலில் வயரைக் கழற்றி, கீகேப்பை எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு நூறு தடவை அமுக்குங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சரியாகவில்லை என்றால் ஹாட் ஸ்வாப் போர்டில் அந்த ஸ்விட்சைப் பிடுங்கி, நீங்கள் தொடவே தொடாத ஸ்குரோல் லாக் கீயின் ஸ்விட்சோடு இடம் மாற்றுங்கள். பைசா செலவில்லை. சால்டர் செய்த போர்டு என்றால் செல்போன் சர்வீஸ் கடையில் இதே மாற்றத்தைச் செய்து தருவார்கள், பத்து நிமிட வேலை.

ஹாட் ஸ்வாப் போர்டுதான், ஆனா புதுசா வாங்கின ஸ்விட்ச் உள்ளே போகவே மாட்டேங்குது, ஏமாத்திட்டாங்களா?

மூன்று காரணம் இருக்கலாம். ஸ்விட்சில் உலோகக் கால் இரண்டும் நடு முளையும் தவிர பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் கால்கள் இருந்தால் அது ஐந்து பின், உங்கள் போர்டு மூன்று பின்னாக இருக்கும். அந்தப் பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் உட்காரும்.

இரண்டாவது, மலிவான ஹாட் ஸ்வாப் போர்டுகள் சிலவற்றில் இருக்கும் துளை அவுட்டெமுவின் மெல்லிய காலுக்கென்றே செய்தது, கேட்டரானோ செர்ரியோ அதில் நுழையாது. பலம் போட்டுத் தள்ளினால் துளை பிய்ந்துவிடும், போர்டில் அந்த இடமே செத்துவிடும். அவுட்டெமுவே வாங்கிப் போடுங்கள். மூன்றாவது, உங்கள் போர்டு ஆப்டிகல் அல்லது மேக்னடிக் வகையாக இருக்கலாம். ஒளியாலோ காந்தத்தாலோ இயங்கும் அவற்றில் சாதாரண மெக்கானிக்கல் ஸ்விட்ச் வேலை செய்யாது, அந்தந்த வகை ஸ்விட்சைத்தான் தேட வேண்டும். வாங்கும் முன் போர்டிலிருந்து ஒரு பழைய ஸ்விட்சைப் பிடுங்கி, காலைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.